கிளினிக் கொப்பியோடு வாருங்கள்: விறைப்புக் குறைபாட்டை முதல் முறை சந்திக்கும் ஆண்களுக்கு

மருந்தகத்தில் ஆட்கள் குறையும்வரை காத்து நிற்கும் ஆண்களை நிற்கும் விதத்திலேயே எனக்குத் தெரியும். முதலில் பனடோல் ஓர் அட்டை வாங்குவார்கள். பிறகு தைலப் போத்தல்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பக்கத்தில் நின்ற அம்மா மிச்சக் காசை எண்ணிக்கொண்டு வெளியேறியதும், மடித்த கடதாசித் துண்டு ஒன்று மேசைமேல் வரும். யாழ்ப்பாண நகரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மருந்து கொடுக்கிறேன். அந்தத் துண்டில் இருக்கும் பெயர் பெரும்பாலும் ஒன்றுதான்: விறைப்புக் குறைபாட்டுக்குக் கொடுக்கும் சில்டெனாபில் குளிசை.

ஒரு நாள் பின்னேரம் வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். துண்டை நீட்டினார்.

"உங்களுக்கா ஐயா?"

"ஒரு நண்பருக்கு, தம்பி."

அவருடைய சேட்டுப் பையில் சிறிய கபில நிறக் கண்ணாடிப் போத்தல் ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. நெஞ்சு நோ வந்தால் நாக்கின் கீழ் வைக்கும் குளிசை அப்படியான போத்தலில்தான் வரும். நான் மருந்தைக் கொடுக்கவில்லை. உங்கள் மருந்துகள் எழுதியிருக்கும் கிளினிக் கொப்பியைக் கொண்டுவாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவருடைய முகம் இறுகிவிட்டது. ஒன்றும் பேசாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. வேறு எங்காவது கேள்வி கேட்காமல் கொடுத்திருந்தால்? அந்த இரண்டு மருந்தும் ஓர் உடம்பில் சேர்ந்தால் இரத்த அழுத்தம் சட்டென்று விழும். ஆள் எழும்பாமலே போகலாம்.

அன்று அவரிடம் சொல்ல வாய்க்காதவற்றை இங்கே எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்லன். ஆனால் வைத்தியரிடம் போகுமுன் ஒருவர் என்ன தெரிந்திருக்க வேண்டும், போனால் என்ன சொல்ல வேண்டும், குளிசை கைக்கு வந்தபின் என்ன கவனிக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த மேசைக்குப் பின்னால் நின்றவனுக்குத் தெரியும்.

முதலில் பெயரைச் சரியாக வைத்துக்கொள்வோம்

எங்கள் பேச்சில் "ஆண்மைக் குறைவு" என்ற ஒரே சாக்கில் மூன்று வேறு சிக்கல்களைப் போட்டுக் கட்டிவிடுகிறோம். விறைப்பு வராமல் போவது, அல்லது வந்து நிலைக்காமல் தளர்ந்துவிடுவது ஒன்று. விந்து விரைவாக வெளியேறிவிடுவது இன்னொன்று. பிள்ளை தங்காதது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. விறைப்புக் குறைபாடு உள்ள பலருக்கு விந்தில் ஒரு குறையும் இருக்காது. விறைப்பு நன்றாக உள்ள ஒருவருக்கு விந்தணு குறைவாக இருக்கலாம். இந்தக் கட்டுரை முதலாவதைப் பற்றியது.

ஓரிரு நாள் நடக்கவில்லை என்பதற்காகப் பயப்பட வேண்டாம். பகல் முழுவதும் வெயிலில் நின்ற களைப்பு, செத்த வீட்டு அலைச்சல், கூடுதலாகக் குடித்த இரவு, மனைவியோடு ஏற்பட்ட மனத்தாங்கல் எல்லாம் எந்த ஆணுக்கும் அப்படிச் செய்யும். மூன்று மாதமாகத் தொடர்ந்து, பெரும்பாலான தடவைகளில் இப்படியே இருந்தால்தான் அதை வருத்தமாகக் கணக்கெடுக்க வேண்டும். இது அரிதானதும் அல்ல. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 40 முதல் 70 வயது வரையான ஆண்களிடம் நடத்தி 1994ல் வெளியிட்ட ஆய்வில், 52 சதவீதமானோருக்கு ஏதோ ஓர் அளவில் இந்தச் சிக்கல் இருந்தது. திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நிற்கும் நடுத்தர வயது ஆண்களை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். உங்களைப் போல் எத்தனை பேர் அங்கே நிற்கக்கூடும்!

இது இரத்தக் குழாயின் கதை

ஆண்குறிக்குள் கடற்பஞ்சு போன்ற இரண்டு நீண்ட தசைத் தண்டுகள் இருக்கின்றன. ஆசை எழும்போது நரம்பு முனைகளும் இரத்தக் குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயுவை வெளியிடுகின்றன. அது தசையைத் தளர்த்த, குழாய் விரிந்து, பஞ்சுக்குள் இரத்தம் நிறைகிறது. நிறைந்த பஞ்சு, இரத்தம் திரும்பிப் போகும் நாளங்களை நசுக்கி அடைத்துக்கொள்கிறது. விறைப்பு நிற்பது இப்படித்தான். இரத்தக் குழாயில் இந்த வாயு செய்யும் வேலையைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க அறிவியலாளருக்கு 1998ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. சில்டெனாபில் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றதும் அதே ஆண்டு மார்ச்சில்தான். அந்த மருந்தை முதலில் சோதித்தது நெஞ்சு நோவுக்கு. இதயத்துக்கும் இதற்கும் உள்ள உறவு அங்கேயே தெரிந்துவிடுகிறது.

இனிச் சொல்வதை நிதானமாக வாசியுங்கள். ஆண்குறிக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடியின் உள்விட்டம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர். இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் நாடிக்கு மூன்று முதல் நான்கு மில்லிமீற்றர். சீனி வருத்தம், உயர் இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல், புகை ஆகிய நான்கும் உடம்பிலுள்ள குழாய்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கெடுக்கின்றன. ஆனால் ஒடுங்கிய குழாயில்தான் குறை முதலில் தெரியும். அதனால் விறைப்புக் குறைந்து இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் நெஞ்சு நோ தலைகாட்டுவதைப் பல நோயாளரிடம் கண்டிருக்கிறார்கள். வெட்கப்பட்டு மறைக்கும் இந்தக் குறைதான் மாரடைப்புக்கு முன்னால் உடம்பு தரும் அறிவிப்பாக இருக்கலாம். நாற்பது வயதில் இது வந்து, கடையில் ஒரு குளிசை வாங்கிச் சமாளித்துக்கொள்பவர் அந்த அறிவிப்பைத் திறந்து பார்க்காமலே கிழித்துப் போடுகிறார். கடையில் நின்று எனக்கு மனம் பொறுக்காமல் போவது இதனால்தான்.

சீனி வருத்தக்காரருக்கு இன்னும் கவனம் வேண்டும். சீனி குழாயையும் நரம்பையும் சேர்த்தே அரிக்கும். மற்றவர்களைவிட அவர்களுக்கு இந்தக் குறை வரும் வாய்ப்பு சுமார் மூன்று மடங்கு. வருவதும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முந்தி வருகிறது. சிலருக்கு விறைப்புக் குறைவைத் தேடிப் போன இடத்தில்தான் தமக்குச் சீனி இருப்பதே தெரியவருகிறது.

வீட்டிலேயே பார்த்துக் குறிக்க வேண்டியவை

வைத்தியரிடம் போகுமுன் ஒரு வாரம் எடுத்து, ஒரு தாளில் சில விஷயங்களை எழுதுங்கள்.

விடியப்புறத்தில் தானாக விறைப்பு வருகிறதா? நலமான ஆணுக்கு நித்திரையில் இரவுக்கு மூன்று முதல் ஐந்து தடவை தானாகவே விறைப்பு வந்து போகும். காலையில் காண்பது அவற்றில் கடைசி. அது வழமைபோல் வருகிறது, மனைவியோடு இருக்கும்போது மட்டும் வரவில்லை என்றால், குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரி. சிக்கல் மனத்திலோ உறவிலோ இருக்கக்கூடும். காலையிலும் இல்லை என்றால் உடம்பில் காரணம் தேட வேண்டும்.

அடுத்தது, எப்படித் தொடங்கியது? ஒரு குறித்த நாளிலிருந்து திடீரென்றா, அல்லது ஒன்றிரண்டு ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகவா? திடீரென்று வந்தது என்றால் அந்த வாரத்தில் வீட்டில் என்ன நடந்தது, எந்த மருந்து புதிதாகத் தொடங்கியது என்று எண்ணிப் பாருங்கள். சிறிது சிறிதாக வந்தது பெரும்பாலும் இரத்தக் குழாயின் வேலை.

மூன்றாவதாக, கிளினிக் கொப்பியைப் புரட்டுங்கள். விறைப்பைக் குறைக்கக்கூடிய மருந்துகள் அதில் இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் அட்டெனலோல், நீர் போகக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைட், ஸ்பைரனோலாக்டோன், மனச் சோர்வுக்கான செர்ட்ரலீன், ஃபுளுவொக்செட்டீன், உளநோய்க்கான றிஸ்பெரிடோன், தலைமுடி கொட்டாமலிருக்கவும் புரஸ்டேற் வீக்கத்துக்கும் பயன்படும் ஃபினாஸ்டரைட் ஆகியவை நான் அடிக்கடி காண்பவை. கெஞ்சிக் கேட்கிறேன், பெயரைக் கண்டதும் நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். அட்டெனலோலைத் திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கு ஆபத்து. மனநோய் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி வரும். லொசார்ட்டன் போல இந்தத் தொல்லை தராத மாற்று மருந்துகள் இருக்கின்றன. ஆனால் மாற்றுவது வைத்தியரின் வேலை.

புகை, சுருட்டு, கள்ளு, சாராயம் எல்லாவற்றின் உண்மையான அளவையும் எழுதுங்கள். வைத்தியரிடம் குறைத்துச் சொல்வது எங்களுக்குப் பழகிவிட்டது. அந்தத் தாள் உங்களுக்காக எழுதும் தாள்.

எங்கே போவது, எப்படிச் சொல்வது

பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு, நேரே போக வேண்டும் என்று இல்லை. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி ஆதார வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவிலும் காட்டலாம். ஊரிலுள்ள பிரதேச வைத்தியசாலையிலும், உங்களுக்கு வழமையாக மருந்து தரும் குடும்ப வைத்தியரிடமும் தொடங்கலாம். அரச வைத்தியசாலையில் இதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அங்கே பார்ப்பவர் தேவைக்கேற்ப மருத்துவ கிளினிக்குக்கோ, சிறுநீரக சத்திரசிகிச்சை நிபுணருக்கோ, உளநல வைத்திய நிபுணருக்கோ கடிதம் தருவார். ஏற்கெனவே சீனி கிளினிக் அல்லது பிரஷர் கிளினிக் போகிறவர்களுக்கு அடுத்த தவணை நாளே போதும். புதிதாக ஓர் இடம் தேட வேண்டியதில்லை.

ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்ற பயம் உண்மையானது. வெளிநோயாளர் துண்டு கொடுப்பவர் மாமியின் மகளாக இருக்கலாம், பக்கத்து வாங்கில் இருப்பவர் உங்களோடு படித்தவராக இருக்கலாம். துண்டு எடுக்கும் இடத்தில் காரணத்தைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. "டொக்டரிடம்தான் சொல்ல வேண்டும்" என்ற ஒரு வார்த்தை போதும். அறைக்குள் வேறு நோயாளரும் நின்றால், "தனியே இரண்டு நிமிடம் கதைக்க வேண்டும்" என்று கேளுங்கள். அது உங்கள் உரிமை. உள்ளே இருப்பவர் மகளின் வயதிலுள்ள பெண் வைத்தியராக இருந்தால் பலர் காய்ச்சல் என்று சொல்லித் திரும்பிவிடுகிறார்கள். அவர் இதைப் படித்துத் தேர்ந்து வந்தவர். உங்கள் வாயிலிருந்து கேட்பது அவருக்குப் புதிது அல்ல. அப்படியும் முடியாவிட்டால், ஆண் வைத்தியர் ஒருவரிடம் அனுப்புங்கள் என்று கேட்கலாம்.

வாயில் வர வேண்டிய வசனம் சிறியது: "டொக்டர், எனக்கு நான்கு மாதமாக விறைப்பு சரியாக வருவதில்லை." அவ்வளவுதான். "உடம்பு பலவீனமாக இருக்கிறது", "இடுப்பு நோகிறது", "தாம்பத்தியம் சரியில்லை" என்று சுற்றி வளைத்தால் விற்றமின் குளிசையோடு வீட்டுக்கு வர வேண்டியதுதான். சொல்ல முடியவில்லையா, வீட்டில் எழுதிய தாளை மேசையில் வையுங்கள். அவர் வாசிப்பார்.

ஆண்குறி, விந்து, விறைப்பு என்று சொல்வது கெட்ட வார்த்தை பேசுவதாக எங்களுக்குத் தோன்றுகிறது. 1847ல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு எங்கள் இளைஞர்களுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் கற்பித்தார். உடம்பின் உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழ்ச் சொல் தேடித் தேடி மருத்துவ நூல்களை மொழிபெயர்க்கவும் செய்தார். அந்த வேலை நடந்த மண்ணில் இருந்துகொண்டு ஓர் உறுப்பின் பெயரைச் சொல்ல நாங்கள் கூசத் தேவையில்லை.

பரிசோதனைகள்

நீண்ட பட்டியல் அல்ல. இரத்த அழுத்தம் அளப்பார்கள். வயிற்றுச் சுற்றளவும் நிறையும் பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் இரத்தச் சீனி, மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, கொலஸ்ட்ரோல், சிறுநீரகத் தொழிற்பாடு, தேவையானால் தைரொயிட், ஈசிஜி. ஆசையே குறைந்துவிட்டது என்று சொன்னால் டெஸ்டொஸ்தரோன் பார்க்கச் சொல்வார்கள். அதற்கு இரத்தம் காலையில், 11 மணிக்கு முன் கொடுக்க வேண்டும். பின்னேரம் போய்க் கொடுத்தால் இயல்பாகவே குறைந்துதான் இருக்கும். ஒருமுறை குறைந்து காட்டினால் இன்னொரு காலை திரும்பவும் எடுத்து உறுதி செய்த பிறகே ஊசியோ ஜெல்லோ பற்றிப் பேச்சு. ஆண்குறியை ஸ்கேன் செய்ய வேண்டும் என்று யாரும் முதல் நாளே சொன்னால், ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலானோருக்கு அது தேவைப்படுவதில்லை.

ஆறு மாத வேலை

குளிசைக்கு முன்னாலும் குளிசையோடும் செய்ய வேண்டியது நடை. வாரத்துக்கு நான்கு நாள், நாளுக்கு 40 நிமிடம், மூச்சுச் சிறிது வாங்கும் வேகத்தில், ஆறு மாதம். குழாய்க் கோளாறால் வந்த விறைப்புக் குறைவு இந்த அளவு உடற்பயிற்சியால் தேறியதை ஆய்வுகள் காட்டுகின்றன. பண்ணைக் கடற்கரையில் பின்னேரம் நடக்கலாம், நல்லூர் வெளிவீதியைக் காலையில் சுற்றலாம். இரண்டு மைல் சைக்கிள் மிதித்துப் பாடசாலை போன எங்கள் தலைமுறை, இன்று சந்திக் கடைக்கும் மோட்டார் சைக்கிளில் போகிறது.

புகையை விடுங்கள், குறைக்க வேண்டாம், விடுங்கள். ஒவ்வொரு இழுப்பும் அந்த ஒரு மில்லிமீற்றர்க் குழாயைச் சுருக்குகிறது. சாராயம் ஆசையைக் கூட்டுவதுபோல் காட்டி விறைப்பைக் கெடுக்கும். நாள்தோறும் குடிப்பவருக்கு நரம்பும் சுரப்பும் நிரந்தரமாகக் கெடும்.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று சொல்வேன். இரவு மூன்று நீத்துப் பெட்டிப் புட்டும் பகலில் நான்கு முறை சீனி போட்ட தேநீரும் எடுக்கிறவருக்கு முருங்கைக்காய்க் கறி ஒன்றும் செய்யாது. முருங்கை நல்ல மரக்கறி, தாராளமாகச் சாப்பிடுங்கள். மருந்து என்று நம்பிச் சாப்பிட வேண்டாம்.

குளிசை கைக்கு வந்தபின்

வைத்தியர் எழுதித் தருவது பெரும்பாலும் சில்டெனாபில் அல்லது டடாலாபில். இரண்டும் நைட்ரிக் ஒக்சைட் தொடங்கிய வேலையை உடம்பு சீக்கிரம் முடித்துவிடாமல் தடுக்கின்றன. ஆகவே அந்த வேலை தொடங்கியிருக்க வேண்டும். குளிசையை விழுங்கிவிட்டுத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் நடக்காது. ஆசையும் அணைப்பும் தொடுகையும் வேண்டும். "வேலை செய்யவில்லை தம்பி" என்று வருகிறவர்களில் பலருக்கு இதைத்தான் யாரும் சொல்லியிருக்கவில்லை.

சில்டெனாபில் வழமையாக 50 மில்லிகிராமில் தொடங்கும். 65 வயதைக் கடந்தவர்களுக்கும் ஈரல், சிறுநீரகக் குறை உள்ளவர்களுக்கும் 25. சேர்வதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு முன், வெறும் வயிற்றில் அல்லது இலேசான உணவின் பின் எடுக்க வேண்டும். ஆட்டிறைச்சிக் கறியும் பொரியலுமாக வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட்டால், மருந்து ஏறுவது ஒரு மணி நேரம் பிந்தும், வேகமும் குறையும். பலன் நான்கைந்து மணி நேரம் இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். டடாலாபில் சாப்பாட்டைப் பார்க்காது, பலன் 36 மணி நேரம் வரை நிற்கும். நேரம் பார்த்துச் சேர்வது மனத்துக்கு நெருக்கடி தருகிறது என்பவர்களுக்கு இது ஆறுதல். முதல் தடவை சரிவரவில்லை என்று எறிந்துவிட வேண்டாம். ஆறு முதல் எட்டுத் தடவை முறைப்படி முயன்ற பின்பே அளவை மாற்றுவதா, மருந்தை மாற்றுவதா என்று வைத்தியர் முடிவெடுப்பார்.

தலையிடி, முகம் சிவந்து சூடாவது, மூக்கடைப்பு, நெஞ்செரிவு வரலாம். சில்டெனாபிலில் சிலருக்குப் பார்வையில் இலேசான நீலம் தெரியும். டடாலாபிலில் முதுகு உளையும். இவை சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ போய்விடும். பார்வை திடீரென்று மங்கினாலோ, விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் இறங்காமல் நின்றாலோ உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வெட்கத்தில் விடியும்வரை காத்திருந்தால் அந்தத் தசை நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

இனி, அந்தக் கபிலப் போத்தல். நாக்கின் கீழ் வைக்கும் ஜிரிஎன், ஐசோசோபைட் மொனோநைட்ரேட், ஐசோசோபைட் டைநைட்ரேட், நிக்கொரண்டில் இவற்றில் எது உங்கள் கொப்பியில் இருந்தாலும் சில்டெனாபிலையும் டடாலாபிலையும் தொடக் கூடாது. கால் குளிசையும் கூடாது. வெளிநாட்டிலிருந்து மச்சான் கொண்டுவந்தாலும் கூடாது. குளிசை எடுத்த பின் நெஞ்சு நோ வந்தால் ஜிரிஎன் வைக்க வேண்டாம். 1990க்கு அழைத்து, அம்புலன்ஸில் வருபவரிடம் என்ன குளிசை, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். மனைவி பக்கத்தில் நின்றாலும், மகன் நின்றாலும் சொல்லுங்கள். சில்டெனாபில் எடுத்து 24 மணி நேரத்துக்கும் டடாலாபில் எடுத்து 48 மணி நேரத்துக்கும் நைட்ரேட், அதாவது ஜிரிஎன் போன்ற மருந்து, கொடுக்கக் கூடாது என்பதால், நீங்கள் சொல்லும் அந்த ஒரு வசனம்தான் வைத்தியரின் கையைச் சரியான மருந்துக்குக் கொண்டுபோகும்.

சிறுநீர் தடைப்படாமலிருக்க டம்சுலோசின், பிரசோசின் எடுப்பவர்கள் வைத்தியரிடம் சொல்லிக் குறைந்த அளவில் தொடங்க வேண்டும். அண்மையில் மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர்கள் அனுமதி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். இதயம் தாங்குமா என்று கேட்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் கணக்கு உண்டு. ஒரு மைல் தூரத்தைச் சமதரையில் 20 நிமிடத்தில் நெஞ்சு நோவும் மூச்சுத் திணறலும் இல்லாமல் நடக்க முடிந்தால், தாம்பத்திய உறவின் உழைப்பையும் பெரும்பாலும் இதயம் தாங்கும். யாழ்ப்பாணத்தில் மேடு பள்ளம் இல்லை, அளந்து பார்ப்பது எளிது. நடக்க முடியவில்லை என்றால் முதலில் இதய கிளினிக்.

குளிசை பலன் தராதவர்களுக்கும் வழி இருக்கிறது. காற்றை உறிஞ்சி இரத்தத்தை இழுக்கும் குழாய்க் கருவி, ஆண்குறியின் பக்கவாட்டில் தாமே போடக்கூடிய மெல்லிய ஊசி மருந்து, கடைசியாகச் சத்திரசிகிச்சையில் பொருத்தும் தண்டு. இவை நிபுணரின் கையில் நடக்க வேண்டியவை. போரில் முதுகுத்தண்டு காயப்பட்ட எங்கள் ஆண்களில் பலர், இனி இதைப் பற்றிக் கேட்பதே தகாது என்று இருந்துவிட்டார்கள். தகும். அவர்களிலும் பலருக்குக் குளிசையோ ஊசியோ பலன் தருகிறது. நிபுணரிடம் கேளுங்கள்.

லேகியமும் பொடியும்

கைதடியில் சித்த போதனா வைத்தியசாலை இருக்கிறது. சித்த மருத்துவம் பார்க்க விரும்பினால் அங்கே, பட்டம் பெற்ற வைத்தியரிடம் போங்கள். இரண்டு பக்க மருந்தையும் இரண்டு வைத்தியருக்கும் சொல்லுங்கள். நான் பயப்படுவது பெயர்ச்சீட்டு இல்லாத பொடிக்கும், தொலைபேசியில் பார்த்துத் தபாலில் வரவழைக்கும் "மூலிகை" உறைக்கும். இப்படியானவற்றில் அளவு தெரியாமல் சில்டெனாபிலையே கலந்து விற்றதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் திணைக்களம் பல தடவை பிடித்திருக்கிறது. இலை தழைதானே என்று நம்பி, நைட்ரேட் எடுக்கும் ஒருவர் அதை விழுங்கினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

புதிதாகக் கலியாணம் செய்த தம்பிமாருக்கு

இருபத்தெட்டு, முப்பது வயதில் வருகிறவர்கள் கண்ணில் நீரோடு நிற்பார்கள். இருதரப்புப் பேச்சு, சீதனம், மண்டபம், ஐந்நூறு பேர், வீடியோ எல்லாம் முடித்து, இரண்டு நாள் நித்திரையில்லாத உடம்போடு, அதிகம் பேசிப் பழகாத பெண்ணுக்கு முன்னால் ஒருவன் நிற்கிறான். பக்கத்து அறையில் சொந்தக்காரர் படுத்திருக்கிறார்கள். பயத்தில் ஊறும் அதிரினலின் குழாயைச் சுருக்கிவிடும். விறைப்பு வராது. அடுத்த நாள், "இன்றைக்காவது வருமா" என்ற பயமே அதைத் தடுக்கும். பயம் தோல்வியைக் கொண்டுவருகிறது, தோல்வி பயத்தை வளர்க்கிறது.

இதை அறுக்க உளநல வைத்தியர்கள் சொல்லும் முறை எளிது. இரண்டு மூன்று வாரம் உடலுறவு முயற்சியே வேண்டாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். கையைப் பிடித்தல், அணைத்தல், முதுகை வருடுதல் மட்டும். தேர்வு இல்லை என்று தெரிந்ததும் உடம்பு இளகும். பிறகு படிப்படியாக. கைப்பழக்கத்தால் நரம்பு தளர்ந்துவிட்டது, விந்தோடு இரத்தமும் பலமும் போய்விட்டது என்று பதினைந்து வயதிலிருந்து கேட்ட கதையை மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். அதனால் விறைப்புக் கெடாது. இரண்டு மூன்று மாதத்திலும் தெளியாவிட்டால் வைத்தியரிடம் போங்கள், முடிந்தால் மனைவியோடு. உயிரை விடலாமா என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அந்த நேரமே 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது.

மனைவியிடம்

பல வீடுகளில் கணவர் ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் பாய் விரித்துக்கொள்கிறார். மனைவி, தன்மேல் வெறுப்பு வந்துவிட்டது என்றோ வேறு தொடர்பு என்றோ நினைத்துக்கொள்கிறார். உண்மையைவிட அந்த நினைப்பு அவரை அதிகமாக நோகச் செய்யும். "உன்னில் ஒரு குறையும் இல்லை, என் உடம்பு ஒத்துழைக்கவில்லை, டொக்டரிடம் போகப் போகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். கட்டிலில் வேண்டாம், வேறு ஒரு நேரத்தில், பிள்ளைகள் ரியூஷனுக்குப் போன பிறகு.

அந்த அறுபது வயது ஐயா நான்கு மாதம் கழித்துத் திரும்பி வந்தார். கூடவே மனைவியும். காத்து நிற்கவில்லை, ஆட்கள் நிற்கும்போதே கொப்பியை மேசையில் வைத்தார். இதய நிபுணர் பரிசோதனைகள் செய்து, இரண்டு ஆண்டுகளாகத் தேவைப்படாமலே பையில் கிடந்த ஜிரிஎன்னை நிறுத்தி, அட்டெனலோலையும் மாற்றியிருந்தார். கடைசி வரியில் சில்டெனாபில் 25, நான்கு குளிசை. நான் எண்ணி உறையில் போட்டு, வெறும் வயிறு, ஒரு மணி நேரம் முந்தி என்று எழுதிக் கொடுத்தேன். உறையை வாங்கியவர் அந்த அம்மா. வாசித்துப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் இரவுச் சாப்பாட்டை ஆறு மணிக்கே வைக்க வேண்டும், என்ன தம்பி?" என்று கேட்டார். ஆம் அம்மா, புட்டு ஒரு குழல் மட்டும் என்றேன்.